முப்பத்திரண்டு ஜி.பி. கோபம்

எங்கள் ஊரை விட்டுக் கோபம் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், டிபனுக்கும் பதினோரு மணி டீக்கும் நடுவில், தெய்வசிகாமணியின் சாயப்பட்டறை ஆபீசில் இருந்த பழைய கம்ப்யூட்டருக்குள் பிலோமினா ஒரு மெமரி கார்டைச் செருகிய நேரத்தில். எப்படிப் போனது, ஏன் போனது என்று கேட்கிறவர்களுக்கு எங்களிடம் பதில் இல்லை, அதைப் பற்றி நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டதும் இல்லை. போன பிறகு நாங்கள் எப்படி வாழ்ந்தோம் என்பதைத்தான் சொல்ல வேண்டும், அதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. தெய்வசிகாமணியை நான் ‘அவர்’ என்று சொல்லப்போவதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஊரே அவனை அண்ணன் என்றும் முதலாளி என்றும் கூப்பிட்டுக் கும்பிட்ட காலம் ஒன்று இருந்தது, அந்தக் காலத்தின் கதைதான் இது.

அந்தக் கம்ப்யூட்டர் அவன் அப்பா வாங்கியது. சாயம் கலக்குகிற மெஷினோடு சேர்ந்து கப்பலில் வந்தது. எந்தத் துணிக்கு எந்தச் சாயம் எவ்வளவு என்று பார்த்து மெஷினுக்குச் சொல்வது அதன் வேலை. அந்த புரோகிராமை எழுதிய கம்பெனி என்றோ மூடிவிட்டதால் வேறு எந்தக் கம்ப்யூட்டருக்கும் அந்த மெஷினோடு பேசத் தெரியாது. மெஷினை மாற்றாமல் கம்ப்யூட்டரை மாற்ற முடியாது, மெஷினை மாற்றத் தெய்வசிகாமணிக்கு மனம் வராது, அதனால் தலைமுறை ஒன்று கடந்தும் அது மஞ்சள் பூத்த பெட்டியும் கறுப்புத் திரையில் பச்சை எழுத்துமாக அவன் மேஜைக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தது. அதன் ஹார்டு டிஸ்க் முதலில் முனகியது, பிறகு கரகரத்தது, அந்த வருடம் ஐப்பசியில் பல் நறநறக்கிற சத்தம் கொடுக்க ஆரம்பித்தது. எழுதி வைத்திருந்த நிறங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. ஏற்றுமதிக்குப் போக வேண்டிய மெரூன் செங்கல் நிறத்தில் வந்து நின்ற அன்றைக்குத்தான் அவன் பிலோமினாவைக் கூப்பிட்டான்.

பிலோமினா பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை வைத்திருக்கிறவள். யாரும் தொடாத பழைய கம்ப்யூட்டர்களுக்கு உயிர் கொடுப்பவள், ஐம்பது வயதுக்காரி, கட்டை குரல், வாடிக்கையாளரைத் திட்டாமல் வேலையை முடித்ததே கிடையாது. அவள் அந்த ஹார்டு டிஸ்கைக் கழற்றி, எஞ்சியிருந்ததைக் காப்பாற்றி, தபால்தலை அளவு மெமரி கார்டு ஒன்றில் ஏற்றி, நடுவில் ஒரு சின்னப் பச்சைப் பலகையை வைத்துப் பெட்டிக்குள் பொருத்தினாள். கம்ப்யூட்டர் சத்தமே போடாமல் எழுந்தது. கார்டு முப்பத்திரண்டு ஜி.பி. அதைவிடச் சின்னது இப்போது கடையில் கிடைப்பதில்லை. ஆனால் அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்கு ஐந்நூறு எம்.பி.க்கு மேல் ஒன்று இருக்கிறது என்பதே தெரியாது.

“அப்ப மிச்சம் என்னாகும்?” என்று தெய்வசிகாமணி கேட்டான்.

“சும்மா கெடக்கும். அறுவது ரூம் இருக்கற ஊட்டுல வாசல் ரூம்ல மட்டும் படுத்துக்கற மாதிரி. உள்ள ரூம் இருக்கறதே இதுக்குத் தெரியாது” என்றாள் பிலோமினா.

அவ்வளவுதான் நடந்தது. பின்னாளில் பெண்கள் ஒரு காரணம் சொன்னார்கள். எங்கள் பக்கம் பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டோம், ஒரு மிளகாயாவது ஒரு பிடி கல் உப்பாவது போட்டுத்தான் கொடுப்போம். அவ்வளவு பெரிய இடத்தைக் காலியாக வைத்து, முன்னால் கற்பூரம் கொளுத்தி, எலுமிச்சம்பழம் நசுக்கித் தொடங்கி வைத்தால் காலி இடம் தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கொள்ளத்தான் செய்யும் என்றார்கள். இருக்கலாம். பிலோமினா அதைக் கேட்டுவிட்டு, “உங்க மொளகாயக் கொண்டு போயி கொளம்புல போடுங்க” என்றாள்.

முதலில் கோபத்தை இழந்தவர் டையிங் மாஸ்டர் குழந்தைசாமி. செங்கல் நிறத்து ஈரத்துணியைக் கையில் பிடித்தபடி, இரண்டு ஹெல்ப்பர்களின் பரம்பரையையே இழுத்துத் திட்டிக்கொண்டு ஆபீசுக்குள் வந்தவர், கம்ப்யூட்டருக்கு எதிரில் வந்து நின்றதும் வசவின் பாதியில் நின்றுபோனார். வாய் திறந்தபடி இருந்தது, வார்த்தை வரவில்லை. பிறகு துணியை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு, “செரி, உடுங்கப்பா. திருப்பிப் போட்டுக்கலாம்” என்றார். அந்த இரண்டு ஹெல்ப்பர்களும் அன்றைக்குத்தான் அவரைப் பார்த்துப் பயந்தார்கள்.

மறுநாள் லாரி டிரைவர், அதற்கு மறுநாள் கூலி உயர்வு கேட்டு வந்த பெண்கள், பிறகு யூனியன்காரர். யார் கொதித்துக்கொண்டு போனாலும் ஆறி வந்தார்கள். போனது கோபம் மட்டும்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். நடந்தது எல்லாம் ஞாபகம் இருக்கும், வலி இருக்கும், அழுகை இருக்கும், பயம்கூட இருக்கும், கொதிப்பு மட்டும் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். எந்த விஷயத்துக்காகக் கோபப்பட்டு உள்ளே போனார்களோ அந்த விஷயத்தில் அவர்களுக்குத் திரும்பக் கோபம் வரவே வராது. கார்டின் காலி அறைகளுக்குள் அது போய் உட்கார்ந்துகொண்டது என்று குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்திருந்தது, யாரும் வாயைப் பிளக்கவில்லை. நாங்கள் கேட்டதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் திறந்திருக்குமா, செருப்பை வெளியே கழற்ற வேண்டுமா, கைக்குழந்தையோடு போகலாமா என்பதுதான்.

தெய்வசிகாமணி கெட்டிக்காரன். வராந்தாவில் பெஞ்சு போட்டான், பானையில் மோர் வைத்தான், வரிசையை ஒழுங்குபடுத்த வாட்ச்மேனை நிறுத்தினான், கம்ப்யூட்டர் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து மானிட்டருக்கு எலுமிச்சை மாலை போட்டான். கிணற்றில் தண்ணி இறைக்கிற முறைக்காகச் சண்டை போட்டுப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் தனித்தனி வண்டியில் வந்து ஒரே வண்டியில் திரும்பினார்கள். மாமியாரைக் கூட்டிக்கொண்டு மருமகள்களும், மருமகளைக் கூட்டிக்கொண்டு மாமியார்களும் வந்தார்கள், கோயில் கமிட்டி மொத்தமும் வந்தது. போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுக்கப் போனால் ஏட்டய்யா, “மொதல்ல பட்டறைக்குப் போயி ஒரு அஞ்சு நிமிசம் உக்காந்துட்டு வாங்க, அப்பறம் எழுதிக்கலாம்” என்று அனுப்பிவைப்பார். அப்புறம் யாரும் எழுத வந்ததில்லை. எதிர்க்கட்சிப் பேச்சாளர் ஒருவர் மரியாதைக்காக முதலாளியைப் பார்த்துவிட்டு மேடை ஏறி, தொண்டையைச் செருமி, ஊரில் வெயில் அதிகமாக இருக்கிறது என்று சொல்லி இறங்கிவிட்டார். சாந்தி கொண்டுவந்தவர் என்று தெய்வசிகாமணிக்கு நாலு ரோட்டில் பெரிய போர்டு வைத்தார்கள். சிரித்துக்கொண்டு கும்பிடு போட்டபடி நிற்பான் அதில்.

ஊர் அமைதியானது. அமைதி என்றால் என்னவென்று சொல்கிறேன். தண்ணி லாரி வராது, காலிக் குடங்கள் வரிசையாக வெயிலில் நிற்கும், நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேன் பார்ப்போம். கடைசி பஸ்காரன் நிறுத்தாமல் போவான், நடந்து வருவோம். ரேஷன் அரிசியில் புழு ஓடும், அலசிப் பொங்குவோம். முன்பெல்லாம் பட்டறைத் தண்ணியைச் சுத்தம் செய்யாமல் வாய்க்காலில் விட்டால் கல்லெடுத்துக்கொண்டு போவோம், இப்போது வாய்க்கால் மேட்டில் நின்று, “இன்னைக்கு ஊதாவாட்ட இருக்குது” என்போம். தென்னை மட்டை உதிர்த்தது, ஆடு செத்தது, ஆடுதானே என்றோம். என் வீட்டுக் கிணற்றில் ஒரு நாள் கத்திரிப்பூ நிறத்தில் தண்ணீர் வந்தது. வாளியோடு அதை எடுத்துக்கொண்டு அவன் மூஞ்சியில் ஊற்றப் போனவன்தான் நானும். மோர் குடித்துவிட்டு, காலி வாளியோடு வீட்டுக்கு வந்தேன். வாளியில் இருந்த தண்ணியை அவன் தோட்டத்துச் செம்பருத்திக்கு ஊற்றிவிட்டு வந்திருக்கிறேன்.

இப்படி இருக்கும்போதுதான் மாரப்பன் செத்துப்போனான்.

மாரப்பன் பட்டறையில் துணி தூக்குகிறவன். கல்யாணம் ஆகாதவன், அக்கா துளசிமணியோடு இருந்தான். துளசிமணி பனியன் கம்பெனியில் மடித்து அடுக்குகிற வேலைக்குப் போகிறவள். அம்மா போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள், தனக்கு வந்த இரண்டு வரன்களை அவனுக்காகவே வேண்டாம் என்றவள். அவர்கள் அப்பன் குடித்துக் குடித்தே குடல் வெந்து செத்தவன். அதைப் பக்கத்தில் இருந்து பார்த்ததால் மாரப்பனுக்குச் சாராய வாடையே ஆகாது. கூட்டாளிகள் பாட்டிலைத் திறந்தால் எழுந்துபோய்க் கலர் சோடா வாங்கிக் குடிப்பான், கல்யாணப் பந்தியில் குடித்தவன் பக்கத்தில் உட்கார்ந்தால் இலையை எடுத்துக்கொண்டு வேறு வரிசைக்குப் போவான். இதைச் சொல்லி அவனைக் கேலி செய்யாத ஆள் எங்கள் தெருவில் கிடையாது.

பட்டறைக்குப் பின்னால் கழிவுத் தொட்டி இருக்கிறது. அடியில் நூலும் பஞ்சும் அடைத்துப் பம்பு நின்றுவிட்டது. அதில் தேங்கும் காற்று ஆளைக் கொல்லும் என்பது தெய்வசிகாமணிக்கு நன்றாகத் தெரியும், தொட்டியை முழுதும் வற்றவைத்துக் காற்றடிக்கிற மெஷின் வைத்துத்தான் ஆளை இறக்க வேண்டும், ஆனால் அதற்குப் பட்டறையை நிறுத்த வேண்டும். காலையில் மாரப்பனை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது. வெளியே வந்து சட்டையைக் கழற்றிச் சுவரில் போட்டான், தொட்டிக்குள் இறங்கினான், ஏறவில்லை.

குடித்திருந்தான், தடுமாறி விழுந்துவிட்டான் என்றான் தெய்வசிகாமணி.

அன்றைக்கு மட்டும் பட்டறை வாசலில் கூட்டம் கூடியது. துளசிமணி முடியை அவிழ்த்துவிட்டிருந்தாள். இரண்டு கையிலும் மண்ணை வாரிக்கொண்டு, அவன் குலம் விளங்காமல் போகட்டும் என்று தூற்றுவதற்கு வாசலில் நின்றாள். தெய்வசிகாமணி வெளியே வந்து அவள் எதிரில் கும்பிட்டான். “ஏம்மா வெயில்ல நிக்கறீங்க, உள்ள வாங்க, உக்காந்து பேசிக்கலாம்” என்றான். எல்லோரும் உள்ளே போனார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் வெளியே வந்தார்கள். துளசிமணி கடைசியாக வந்தாள். கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தாள், மண்ணைக் கீழே உதிர்த்தாள், சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு முடியை அள்ளி முடிந்தாள். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற எங்களில் ஒருத்தருக்காவது வயிறு எரிந்திருக்க வேண்டும். எரியவில்லை. எரிய வேண்டியது எல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் குழாயடியில் வெளியூரிலிருந்து வாழ வந்த பெண் ஒருத்தி, “உன்ற தம்பி குடிச்சுப்போட்டு உழுந்துட்டானாமா?” என்று சும்மா கேட்டாள்.

“ஆமாங்க்கா” என்றாள் துளசிமணி.

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது அவள் காதில் விழுந்தது. குடம் நிரம்பி வழிந்தது, அவள் அதை எடுக்கவில்லை. அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி, கதவைச் சாத்திக்கொண்டு, மாரப்பன் சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அழுகை வந்தது. அவனை இறக்கிவிட்டார்கள், கயிறு கொடுக்கவில்லை, செத்த பிறகு குடிகாரன் என்றார்கள் என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். பஸ் நேரம் சொல்வதுபோல இருந்தது. பச்சை மிளகாயைக் கடித்து மென்றாள், நாக்குத்தான் எரிந்தது. அவளுக்குப் பயமாக இருந்தது. அடுத்த புதன்கிழமை ஆர்.டி.ஓ. மேடம் விசாரணைக்கு வருகிறார், சொந்தக்காரர்களைக் கேட்பார், கேட்டதை எழுதிக்கொள்வார். வெயில் நேரம், ஆபீசில் ஏ.சி. இருக்கிறது, மேடம் அங்கேயே உட்காரட்டும் என்று தெய்வசிகாமணி ஏற்பாடும் செய்துவிட்டான். அங்கே உட்கார்ந்து அவள் ஆமாங்க என்று சொல்லிவிட்டால் மாரப்பன் என்றைக்கும் குடித்துவிட்டு விழுந்தவன்தான்.

அவள் நேரே பிலோமினா கடைக்குப் போனாள். கார்டைப் பொருத்திய நாளுக்குப் பிறகு பட்டறைப் பக்கமே போகாதவள் ஊரில் பிலோமினா ஒருத்திதான். அதனால் ஊரில் திட்டத் தெரிந்தவளும் அவள் ஒருத்திதான். சிலர் வெறுமனே அவள் திட்டுவதைக் கேட்பதற்காகவே கெட்டுப்போகாத ரேடியோவை ரிப்பேருக்குக் கொண்டுபோவார்கள்.

“ஏனுங்க்கா, என்ற கோவம் அதுக்குள்ளதான இருக்குது. எடுத்துக் குடுங்க” என்றாள் துளசிமணி.

“எடுத்துக் குடுங்கன்னா? கத்திரிக்காயா?”

“நீங்க வச்சதுதானுங்களே.”

பிலோமினா கையிலிருந்த சூட்டுக்கோலைத் தாங்கியில் வைத்தாள். “இங்க பாரு. அந்தக் கெழட்டுக் கம்ப்யூட்டருக்கு வாசல் ரூமு மட்டுந்தான் தெரியும். அதனால உள்ள போனது உள்ளயே கெடக்குது. கார்ட எடுத்து இதா, இந்த லேப்டாப்புல போட்டா அத்தன ரூமும் தெறந்துக்கும். எல்லாம் வெளிய வந்துரும். ஆனா யாருது யாருக்கு வரும்னு நான் சொல்ல முடியாது. அதுல பேரா எழுதி வச்சிருக்குது?”

“அப்பப் போயி எடுங்கக்கா.”

“போலாம். போறப்பக் கோவத்தோடதான் போவேன். உள்ள காலு வச்சதும் அது போயிரும். அப்பறம் எதுக்கு வந்தேன்னே தோணாது, மோரு குடிச்சுட்டு வந்துருவேன். இந்தக் கோவம் ஒண்ணுதான் எனக்குன்னு மிச்சம் இருக்குது துளசி. அதையும் அவனுக்குக் குடுக்கச் சொல்றியா?” என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், பிலோமினா தெய்வசிகாமணியைத் திட்ட ஆரம்பித்தாள். அவன் பிறந்த நேரத்தைத் திட்டினாள், அவன் வைத்த போர்டைத் திட்டினாள், அவன் ஊற்றுகிற மோரைத் திட்டினாள். துளசிமணி ஸ்டூலில் உட்கார்ந்து, தனக்கு வர வேண்டிய வார்த்தைகளை இன்னொருத்தி வாயிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை வந்தது. ஆர்.டி.ஓ. மேடம் சின்ன வயது, கண்ணாடி போட்டவர், கூட ஒரு கிளார்க். தெய்வசிகாமணி தன் சுழல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, மேடத்துக்குக் கம்ப்யூட்டருக்கு எதிரில் இருக்கிற இடத்தைக் கொடுத்தான். வராந்தாவில் நாங்கள் நின்றோம், ஜன்னல் திறந்திருந்தது. மாஸ்டர் குழந்தைசாமியைக் கேட்டார்கள். தான் அப்போது டீ குடிக்கப் போயிருந்ததாகச் சொன்னார். வாட்ச்மேனைக் கேட்டார்கள், சாராய வாடை அடித்தாற்போல இருந்தது என்று முதலாளி சொல்லிக்கொடுத்தபடி சொன்னான். மேடம் தலையாட்டினார். அவருக்கும் கோபம் வரவில்லை, அந்த இடத்தில் வராது.

துளசிமணியைக் கூப்பிடுகிற நேரத்தில் சாய மெஷின் நின்றது. பச்சை எழுத்துகள் திரையில் அப்படியே உறைந்துவிட்டன. சாயத் தொட்டியில் ஒரு லாரித் துணி பாதிச் சாயத்தில் வெந்துகொண்டிருந்தது. தெய்வசிகாமணி வேர்த்துப்போய்ப் பிலோமினாவுக்குப் போன் செய்தான், உடனே வா, ஆட்டோ அனுப்புகிறேன் என்று கெஞ்சினான். கோபம் போனால் போகட்டும் என்று துணிந்து பிலோமினா லேப்டாப் பையோடு வந்து இறங்கி, செருப்பைக் கழற்றாமல் உள்ளே நுழைந்தாள். நுழைந்ததும் அவனைப் பார்த்து, “கட்டையில போறவனே, கார்டுன்னா எழுதறதுக்கு ஒரு அளவு இருக்குதுன்னு அன்னைக்கே சொன்னனா இல்லியா? ஊருக் கோவத்த முழுசும் போட்டு அடச்சா அது என்ன பண்ணும்?” என்றாள்.

சொல்லிவிட்டு நின்றாள். தன் கோபம் தன்னிடமே இருப்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. எங்களுக்கும் தெரிந்தது. கார்டு நிரம்பிவிட்டது, இனி ஒரு சொட்டுக்கும் அதில் இடம் கிடையாது.

அவள் பெட்டியைத் திறந்து கார்டை வெளியே எடுத்தாள். லேப்டாப்பை மேஜையில் வைத்தாள். ஆனால் கார்டை அதில் போடவில்லை, அத்தனையும் வெளியே வந்தால் என்ன ஆகும் என்று அவளுக்கும் பயம்தான். மேடம் நேரத்தைப் பார்த்துவிட்டு, துளசிமணியிடம் திரும்பி, “நீங்க சொல்லுங்கம்மா. உங்க தம்பிக்குக் குடிப்பழக்கம் உண்டா?” என்று கேட்டார்.

துளசிமணியின் வாய் திறந்தது. ஆ என்கிற எழுத்து உதட்டுக்கு வந்துவிட்டது. அவள் உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு, எட்டி, பிலோமினா கையிலிருந்த கார்டைப் பிடுங்கி, லேப்டாப்பின் ஓரத்தில் தெரிந்த பிளவில் தானே செருகினாள்.

கோபம் முதலில் வராந்தாவுக்கு வந்தது, பிறகு தெருவுக்கு, பிறகு ஊருக்கு. பிலோமினா சொன்னபடி அதில் யார் பேரும் எழுதியிருக்கவில்லை. ஏட்டய்யாவுக்கு என் கிணற்றுக் கோபம் போனது. அவர் ஸ்டேஷனில் இருந்து எழுந்து, கத்திரிப்பூத் தண்ணி, கத்திரிப்பூத் தண்ணி என்று கத்திக்கொண்டு வாய்க்கால் மேட்டுக்கு ஓடினார். பஸ் கண்டக்டருக்கு ரேஷன் புழு வந்தது. கோயில் கமிட்டித் தலைவருக்குக் கூலி கேட்டுப் போன பெண்கள் அத்தனை பேரின் கோபமும் ஒரே மூச்சில் வந்து அவர் கருவறை வாசலிலேயே தரையில் உட்கார்ந்து சம்மணம் போட்டுவிட்டார். ஒரு கணவனுக்கு அவன் பெண்டாட்டியுடையது வந்து, அவன் தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டதை அந்தத் தெருவே பார்த்தது. தண்ணி லாரி டிரைவருக்குக் காலிக் குடத்தின் கோபம் வந்து அவன் லாரியை நடுரோட்டில் நிறுத்தி மொத்தத் தண்ணியையும் திறந்துவிட்டான். எனக்கு வந்தது யாருடையதென்று இன்றுவரை தெரியவில்லை. அம்மாவைத் தரக்குறைவாகப் பேசியதற்காக யாரோ ஒரு பிள்ளை பட்ட கோபம் அது, அதைத் திருப்பிக் கொடுக்க ஆள் கிடைக்காமல் நானே வைத்திருக்கிறேன். நாலு ரோட்டில் இருந்த போர்டை யார் கிழித்தார்கள் என்று கேட்காதீர்கள், எல்லோரும்தான்.

ஆபீசுக்குள் துளசிமணிக்கு ஒன்றும் வரவில்லை. அவள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். வந்தது தெய்வசிகாமணிக்கு.

அவன் நாற்காலியிலிருந்து எழுந்தான். கழுத்து நரம்பு புடைத்தது. மேஜையைச் சுற்றி இந்தப் பக்கம் வந்து, கூலிக்காரன் நிற்கிற இடத்தில் நின்றுகொண்டு, தான் உட்கார்ந்திருந்த காலி நாற்காலியைப் பார்த்துக் கையை நீட்டினான்.

“நான் எறங்க மாட்டனுங்ண்ணா” என்று கத்தினான். குரல் அவனுடையதுதான், பேச்சு அவனுடையது இல்லை. “மாஸ்க்கு இல்ல, கவுறு இல்ல, என்னன்னு எறங்கறது? காத்தடிக்கற மெசினு வையுங்க, பட்டறைய அரை நாளு நிறுத்துங்க, அப்பறம் எறங்கறேன். ஆளு செத்துருவான்னு உங்களுக்கே தெரியுமில்ல? தெரிஞ்சே எறங்குன்னா என்னங்ண்ணா அர்த்தம்? எனக்கு அக்கா ஒருத்திதான் இருக்குது. நீங்க எறங்குவீங்களா? உங்க பையன எறக்குவீங்களா? நான் எறங்க மாட்டேன்.”

மாரப்பன் செத்த அன்று காலை அந்த அறையில் என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் புரிந்தது. மாரப்பன் மறுத்திருக்கிறான். அந்தப் பெட்டிக்கு எதிரில் நின்று தெளிவாக, நியாயமாக, அவ்வளவு கோபத்தோடு மறுத்திருக்கிறான். அந்தக் கோபத்தைப் பெட்டி எடுத்துக்கொண்டது. பிறகு சரிங்ண்ணா என்று சொல்லிச் சட்டையைக் கழற்றியிருக்கிறான். எல்லாம் பார்த்தபடி இந்த ஆள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்திருக்கிறான்.

துளசிமணி மெல்ல நடந்து தெய்வசிகாமணியின் பக்கத்தில் போனாள். கத்துகிற அந்த வாயைப் பார்த்தாள். வேறு யாருக்கும் கேட்காத மாதிரித்தான் சொன்னாள், ஆனால் அந்த அறையில் அது எல்லோருக்கும் கேட்டது.

“எறங்க வேண்டாஞ் சாமி. நீ ஒண்ணும் எறங்க வேண்டாம். வா, ஊட்டுக்குப் போலாம்.”

தெய்வசிகாமணி நின்றுவிட்டான். அவனுக்குள் இருந்தது தீர்ந்துபோனது, மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். பிறகு தன் சொந்தக் குரலில், “மேடம், எனக்கு என்னமோ ஆயிருச்சுங்க, இதெல்லாம் நீங்க எடுத்துக்கக் கூடாதுங்க” என்றான்.

அப்போதுதான் துளசிமணிக்குக் கோபம் வந்தது. அது கார்டிலிருந்து வந்தது இல்லை. அவள் முன்பு தொலைத்தது வேறு யாரிடமோ போய்விட்டது, எங்கே இருக்கிறதென்று இன்றும் தெரியாது. இது அந்த நிமிடத்தில், அந்தச் சிமெண்டுத் தரையில், அவள் வயிற்றிலிருந்து புதிதாகப் புறப்பட்டது. கண்ணில் இருந்த தண்ணீர் காய்ந்தது. எதிரில் பெட்டி வாயைத் திறந்துகொண்டு கிடந்தது, இந்தக் கோபத்தை வாங்கிக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை.

மேடத்தின் கண்ணாடி இறங்கியிருந்தது. அதை ஏற்றிவிட்டுக்கொண்டு, கிளார்க்கைப் பார்த்துவிட்டு, கேட்ட கேள்வியைத் திரும்பக் கேட்டார்.

துளசிமணி மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள்.

“என்ற தம்பி குடிக்க மாட்டானுங்க. எறங்க மாட்டேன்னு சொன்னவன இந்த ஆளு எறக்கிக் கொன்னுபோட்டானுங்க. நான் சொன்ன மாதிரியே எழுதுங்க. எழுதீட்டு எனக்குப் படிச்சுக் காட்டுங்க, அது வரைக்கும் இந்த எடத்த விட்டு நானும் போகப்போறதில்ல, இவனும் போகப்போறதில்ல.”

வராந்தாவில் இருந்த நாங்கள் கதவை மறித்துக்கொண்டு நின்றோம்.